கேம் கடைக்கு வந்த கூட்டம்

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் எங்கள் கடைப் பலகையில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தோம். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பஸ் கண்டக்டரிலிருந்து பஞ்சாயத்து ஆபீஸ் பியூன் வரை எல்லோருக்கும் அது ‘கேம் கடை’. நான் ‘கேம் கடை அக்கா’. துணியும் பலசரக்கும் விற்றே வளர்ந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு இப்படி ஒரு பெயர் வரும் என்று என் அத்தா கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

கல்யாணமான புதிதில் அந்த இடத்தில் இன்டர்நெட் சென்டர் வைத்திருந்தேன். ஆளுக்கொரு போன் வந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. என் கணவருக்குப் பாலக்காடு டவுனில் பலசரக்குக் கடை. “மூடிட்டு இங்க வந்து கல்லாவுல உக்காரு” என்றார். எனக்கு மனசு வரவில்லை. இருந்த கம்ப்யூட்டர்களை விளையாட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றினேன். பெரிய டிவி ஒன்று வாங்கி மாட்டினேன். கஞ்சிக்கோட்டில் ஷிஃப்ட் முடிந்து வரும் பையன்கள், ஐ.டி.ஐ.யில் படிப்பவர்கள், இந்தி பேசும் ஃபேக்டரித் தொழிலாளிகள் என்று கூட்டம் சேர்ந்தது. பெண் பிள்ளைகளும் சிலர் வந்தார்கள். கல்லாவில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள் என்ற தைரியத்தில் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் கடைக்குள் கெட்ட வார்த்தை ஒன்று காதில் விழுந்தாலும் அந்த மெஷினை அணைத்துவிடுவேன்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி பத்தாம் வகுப்புப் படித்தாள். அவளுடைய அப்பாவுக்கு இரும்பு ஃபேக்டரியில் வேலை, அம்மாவுக்குத் தையல் யூனிட்டில். சனிக்கிழமை மத்தியானம் வருவாள். பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத பிள்ளை என்று அவள் டீச்சர் ஒருமுறை ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது சொன்னார். என்னால் நம்ப முடியவில்லை. தலையில் ஹெட்செட் ஏறியதும் அவள் போடும் சத்தத்தில் பக்கத்து பேக்கரிக்காரர் எட்டிப் பார்ப்பார்.

அவள் ஆடியது நான்கு பேர் ஓர் அணியாகத் தீவில் குதித்து, துப்பாக்கியோடு அலைந்து, கடைசிவரை உயிரோடு மிஞ்ச வேண்டிய விளையாட்டு. அவளுடைய அணிக்குத் தலைவி இடுக்கியில் இருந்தாள். மூணாறை அடுத்த பள்ளிவாசல் என்ற ஊருக்குப் பக்கத்தில், சித்திரபுரத்தை ஒட்டிய ஒரு தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கான லயத்து வரிசை வீடு. இவளைவிட நாலைந்து வயது மூத்தவள், ரிசார்ட் ஒன்றில் வேலை பார்த்தாள். அவள் போனில் ஆடுவாள், இவள் என் கம்ப்யூட்டரில் ஆடுவாள். சில நாள் இவள் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போடுவாள். “ஏ புள்ள, அங்கிட்டுப் போகாத. இங்கிட்டு வா, செத்துக்கித்துத் தொலைச்சிராத!” என்று மலையிலிருந்து குரல் வரும். “வாரேன் வாரேன், சும்மா இருங்க்கா” என்பாள் இவள். ஒருத்தி பேச்சை மற்றவள் கேலி செய்து சிரிப்பார்கள். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. அந்த மலைப் பெண்ணின் சொந்தப் பெயர்கூட எனக்குத் தெரியாது. திரையில் அவளுக்கு வேறு பெயர்.

அந்த வருடம் ‘கேம்’ என்பது ஊரில் ஒரு கெட்ட வார்த்தையாக மாறிக்கொண்டிருந்தது. காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு சட்டம் போட்டு நிறுத்தியது. நல்ல சட்டம் என்றே நான் நினைத்தேன். ரம்மியில் சம்பளத்தைத் தொலைத்தவர்களின் பெண்டாட்டிகள் அழுததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஊருக்குள் வந்து சேர்ந்தபோது அந்தச் செய்தி ‘கேமெல்லாம் தடை’ என்று சுருங்கிவிட்டது. பால் வாங்கப் போனால்கூட, “ஏனுங்க, நிரோதிச்சாச்சுன்னு டிவில சொன்னானே, நீங்க இன்னும் தொறந்து வெச்சிருக்கறீங்க?” என்று, தடைக்கு மலையாள வார்த்தையைப் போட்டுக் கேட்டார்கள். எங்கள் கடையில் யாரும் பந்தயம் கட்டுவதில்லை, அது வேறு இது வேறு என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

பிறகு பள்ளிக்கூடத்தில் பெற்றோர்களுக்கு ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பேச வந்தவர் திரையில் ஒரு படம் காட்டினார். துப்பாக்கி பிடித்த ஒரு குழந்தையின் நிழல். ஏதோ ஒரு விளையாட்டு பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கட்டளை கொடுக்கும் என்றும், கடைசிக் கட்டளை சாகச் சொல்வது என்றும் சொன்னார். அது எந்த விளையாட்டு என்று ஒருவர் கேட்டார். “எல்லாம் ஒரே குடும்பம்தான்” என்று பதில் வந்தது. சுற்றி இருந்த தாய்மார்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எழுந்து போனால் தப்பு செய்தவள் போல் இருக்கும் என்று கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து ஒரு மனு. என் கடையின் லைசென்ஸை ரத்து செய்ய வேண்டும் என்று பஞ்சாயத்துக்குக் கொடுத்தார்கள். வார்டு மெம்பர் அம்மா ஒரு சாயங்காலம் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

“எனக்கு உங்க மேல ஒண்ணுமில்லீங்க. ஆனா கையெழுத்து நெறைய வந்துருச்சு. செக்ரட்டரி பரிசோதனைக்கு வருவாரு. அதுவரைக்கும் பள்ளிக்கூடத்துப் புள்ளைகளச் சேக்காம இருந்தா உங்களுக்கு நல்லது.”

சரி என்றேன், ஆனாலும் வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. மனுவில் எழுதியிருந்ததில் பாதி பொய். மற்றப் பாதியைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தோற்றால் மேசையைக் குத்தும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருப்பவனை எழுப்பி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். இதையெல்லாம் நான் கல்லாவில் உட்கார்ந்து சமாளித்துக்கொண்டேன் என்பதை யாரிடம் போய் நிரூபிப்பது?

இந்தச் சமயத்தில்தான் ஐப்பசி மழை மலையில் பிடித்துக்கொண்டது. இடுக்கிக்கு ரெட் அலர்ட் என்று டிவியில் ஓடியது. எங்கள் பக்கம் லேசான தூறல்தான். ஒரு சனிக்கிழமை ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அந்த மலைப் பெண் திடீரென்று பேச்சை நிறுத்தினாள். “இருங்க இருங்க, இங்க என்னமோ சத்தம் கேக்கு. மண்ணு எங்கிட்டோ...” என்றாள். அவ்வளவுதான். குரல் அறுந்தது. திரையில் அவளுடைய ஆள் புல்வெளி நடுவில் அசையாமல் நின்றான். யாரோ சுட்டார்கள், விழுந்தான். எங்கள் எலப்புள்ளிப் பெண் “அக்கா, அக்கா” என்று மைக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அன்று ஆட்டத்தை முடிக்காமல் எழுந்துவிட்டாள்.

பள்ளிவாசல் ரோட்டில் ஒரு மேடு சரிந்ததாகவும், லயத்துக் குடும்பங்கள் சிலவற்றை முகாமுக்கு மாற்றியதாகவும் மறுநாள் செய்தி வந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டதும் எங்கள் பெண் யூனிஃபார்மோடு ஓடி வந்து கடை வாசலில் நின்றாள். “அக்கா, அவங்க ஆன்லைன்ல வந்தாங்களான்னு மட்டும் பாருங்க்கா.” பார்த்தேன். வரவில்லை. “டவர் போயிருக்கும், கரண்ட் இருக்காது. பயப்படாத” என்றேன். அவள் தலையாட்டினாள். முகத்தில் சமாதானம் இல்லை.

அன்று இரவு அவள் வீட்டில் நடந்ததை அவளுடைய அம்மா பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மலையில் இருக்கும் சிநேகிதிக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும், போன் கொடுங்கள் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். எந்தச் சிநேகிதி என்று அவர் கேட்க, கேம் விஷயம் வெளியே வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் அவரும் உட்கார்ந்திருந்தவர். வீட்டில் இருந்த பழைய போனைத் தரையில் அடித்து உடைத்துவிட்டார்.

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கிக் கூட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வந்தார். மூச்சு வாங்கியது. கழுத்தில் தையல் யூனிட் அடையாள அட்டை தொங்கியது.

“ஏனுங்க அக்கா, என்ற பொண்ணு இங்க வந்தாளுங்களா?”

“இல்லீங்களே. ஸ்கூலுக்குப் போகலையா?”

“பேக்கு எடுத்துட்டுத்தான் போனா. வரலைன்னு டீச்சர் போன் பண்றாங்க.”

அவருடைய கை என் கையைப் பிடித்தது. உள்ளே கூட்டிக்கொண்டு போய் எல்லா நாற்காலியையும் காட்டினேன். காலியான நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பாத்ரூம் கதவையும் திறந்து பார்த்தார்.

அப்போதே ஸ்டேஷனுக்குப் போன் செய்தோம். ஆனால் போலீஸுக்கு முன்னால் வாட்ஸப் வந்துவிட்டது. யாரோ ஒருவர் பேசி அனுப்பிய ஆடியோ. எலப்புள்ளியில் கேம் கடைக்குப் போய்வந்த ஒரு பெண் பிள்ளையைக் காணவில்லை, கடைசிக் கட்டளை வந்துவிட்டது, அணைக்கட்டுப் பக்கம் தேடுங்கள் என்று அந்தக் குரல் அழாத குறையாகச் சொன்னது. அதைப் பக்கத்து பேக்கரியில் சத்தமாகப் போட்டார்கள். அந்த அம்மா என் கடைக்குள் நின்றுகொண்டே அதைக் கேட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். முதலில் தெரிந்த முகங்கள், பிறகு தெரியாத முகங்கள். என் கணவர் போன் செய்தார். “ஷட்டர இறக்கிப் பூட்டிட்டுப் பின்பக்கமா வீட்டுக்குப் போயிடு. நான் வந்துட்டிருக்கேன்.” போயிருப்பேன். ஆனால் தரையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, “மழையில அந்தப் புள்ளைக்கு என்னாச்சோ, என்னாச்சோன்னு ராத்திரியெல்லாம் பொலம்புனாளுங்க” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அணைக்கட்டும் இல்லை, கட்டளையும் இல்லை. அவள் சிநேகிதியைத் தேடி மலைக்குப் போயிருக்கிறாள்.

எஸ்.ஐ. இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து இறங்கினார். மலையாளி, இளம் வயது. வந்ததும் கடையில் மாட்டியிருந்த கேமராவின் பதிவைக் கேட்டார், கொடுத்தேன். அடுத்து, எல்லா மெஷினையும் கழற்றி ஜீப்பில் ஏற்றச் சொன்னார். ஒரு போலீஸ்காரர் வயர்களைப் பிடுங்க ஆரம்பித்தார்.

“சார், கழற்றாதீங்க. அந்தப் பெண் எங்கே போயிருக்கான்னு தெரிஞ்சுக்க இது ஒண்ணுதான் வழி.”

நான் சொன்னதை அவர் முழுதாகக் கேட்டார். அதற்கு அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன். பள்ளிவாசல் பக்கத்துச் சிநேகிதி, அறுந்துபோன குரல், சரிந்த மண். பெயர் தெரியாது, போன் நம்பர் தெரியாது, விளையாட்டுக்குள் மெசேஜ் அனுப்பினால்தான் உண்டு. எங்கள் பெண்ணின் கணக்கை என் கடை மெயிலில் நான்தான் தொடங்கிக் கொடுத்திருந்தேன். அதனால் என்னால் திறக்க முடியும்.

“சேச்சி, ஈ சிநேகிதியை நேரில் கண்டிட்டுண்டோ?”

“இல்ல சார். குரல் கேட்டிருக்கேன். பெண்தான்.”

“குரல் மாத்தான் இப்போ ஒரு ஆப் மதி” என்றார். குரலை மாற்ற ஓர் ஆப் போதும் என்கிறார். அதுவரை எனக்குத் தோன்றாத விஷயம். அத்தனை சனிக்கிழமைகளாக என் கடையில் சிரித்த அந்தக் குரல் ஓர் ஆணுடையதாக இருந்தால்?

கணக்கைத் திறந்தேன். அந்த மலைப் பெண்ணின் பெயர் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஆன்லைனில் இல்லை. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பினேன். ‘அவளைக் காணவில்லை. உன்னைத் தேடி வந்திருக்கலாம். உடனே பேசு.’ கூடவே என் போன் நம்பர். எஸ்.ஐ. என் தோளுக்குப் பின்னால் நின்றபடி உடுமலைப்பேட்டைக்கும் மறையூருக்கும் போன் போட ஆரம்பித்தார். இங்கிருந்து மூணாறுக்குப் போகிறவர்கள் பொள்ளாச்சி, உடுமலை வழியாகத்தான் பஸ் மாறிப் போவார்கள்.

வெளியே சத்தம் கூடியது. “மெஷின ஒடைங்கடா!” என்று ஒருவர் கத்தினார். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் என் மதத்தைச் சொல்லி ஒரு வார்த்தை விட்டது. தரையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வாசலுக்குப் போனார். “யாருடா அது? என்ற புள்ளையக் காணோம்னு நான் நிக்கறேன், நீ எதைப் பேசற?” என்று கேட்டார். முன்வரிசையில் நின்றவர்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். பிறகு ஒரு கல் வந்து பலகையில் பட்டு விழுந்தது. அடுத்த கல் முன்பக்கக் கண்ணாடியை உடைத்தது.

அந்த நேரத்தில் அவளுடைய அப்பா ஃபேக்டரி உடுப்போடு வந்து சேர்ந்தார். கூட்டம் அவருக்கு வழி விட்டது. யாரையும் பார்க்காமல் நேராக உள்ளே வந்து முதல் மேசையிலிருந்த திரையைத் தூக்கித் தரையில் போட்டார். இரண்டாவதையும் தூக்கினார். மூன்றாவது, நான் உட்கார்ந்திருந்த மெஷின். நான் எழுந்திருக்கவில்லை. எஸ்.ஐ. அவரைக் குறுக்கே பிடித்தார். அவருடைய மனைவி ஓடி வந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, “இதுலதான் தேடிட்டிருக்காங்க! இதையும் ஒடச்சிட்டா எங்கீங்க போய்த் தேடறது?” என்று கத்தினார். அவர் கையைத் தாழ்த்தினார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குள் கரண்ட் போனது. யாரோ வெளியே மெயினை இறக்கிவிட்டார்கள். எல்லா மெஷினும் அணைந்தன. கல்லாப் பக்கத்து மெஷினுக்கும் இன்டர்நெட் பெட்டிக்கும் மட்டும் யு.பி.எஸ். இருந்தது. நான் உட்கார்ந்திருந்தது அதில். அது கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பழைய பேட்டரி, ரொம்ப நேரம் தாங்காது. எஸ்.ஐ. ஒரு போலீஸ்காரரை மெயினைப் பார்க்க அனுப்பினார். அவர் கூட்டத்துக்குள் புகுந்து போக முடியாமல் தடுமாறுவது உடைந்த கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நான் ஒரே ஒரு பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறம். சாம்பல் நிறம். துஆ ஓதினேன், பாதியில் வார்த்தை மறந்துபோயிற்று.

பச்சையானது.

“அக்கா?” ஸ்பீக்கரில் அதே குரல். “யாரு நீங்க? கடைக்கார அக்காவா? இப்பத்தான் டவர் வந்துச்சு. என்னது, அவளக் காணலியா?”

எஸ்.ஐ. மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். நீ யார், எங்கே இருக்கிறாய், வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்களிடம் போனைக் கொடு என்று அதட்டினார். அங்கே சலசலப்பு. பிறகு வயதான ஒரு பெண் பயந்த குரலில், “நான் இவ அம்மாய்யா. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போறவ. எங்கள முகாம்லருந்து இன்னிக்குத்தான் அனுப்புனாக. என்னய்யா ஆச்சு?” என்றார். எஸ்.ஐ.யின் தோள்கள் தளர்வதைப் பார்த்தேன். என் கண் மங்கிவிட்டது.

“இங்க வரலைக்கா” என்றாள் அந்தப் பெண். “எங்க லயம் எங்கனக்குள்ள இருக்குன்னு அவளுக்குத் தெரியும். நான்தான் ஒருக்கா சொன்னேன். ஆனா ரோடு அடைச்சிக் கெடக்கே. மூணாறு தாண்டி பஸ் வராது. அய்யோ, அவ ஒத்தையில என்னக்கா பண்ணுவா?” போன் நம்பரை இரண்டு தடவை சொன்னாள். நான் உள்ளங்கையில் எழுதி முடித்ததும் யு.பி.எஸ். நீளமாக ஒரு சத்தம் போட்டு நின்றது. திரை கறுத்தது.

அதன் பிறகு எல்லாம் போனில்தான். உடுமலையிலிருந்து மூணாறு போகும் பஸ், மரம் விழுந்ததால் மறையூருக்கு முன்னாலேயே நிற்கிறது என்று தகவல் வந்தது. அங்கிருந்த போலீஸ்காரர் ஏறிப் பார்த்தார். அவள் இல்லை. கண்டக்டர், பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண் வந்தது உண்மைதான், பஸ் போகாது என்றதும் இறங்கி, காட்டுப் பக்கத்து வழியாகப் போன ஒரு ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள் என்றார். ஜீப்பில் யார் இருந்தார்கள்? அவர் கவனிக்கவில்லை.

காலையிலிருந்து கேட்ட எல்லாவற்றிலும் அந்த வாக்கியம்தான் எங்களை நொறுக்கியது. அவளுடைய அப்பா தரையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளின் நடுவில் குந்தி உட்கார்ந்தார். “நேத்து அந்த போனைக் குடுத்துருந்தா ஆகாதா? ஒரு போன்தானுங்களே” என்றார். யாரிடம் கேட்கிறார் என்று தெரியவில்லை. வெளியே கூட்டம் அப்படியே நின்றது. ஆனால் கத்தல் இல்லை. வார்டு மெம்பர் அம்மா வந்து வாசலில் காவல் போல நின்றுகொண்டார். பேக்கரிக்காரர் டீ அனுப்பினார். யாரும் குடிக்கவில்லை. என் கணவரும் வந்துவிட்டார். உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தார்.

மலைப் பெண் இடையில் ஒருமுறை கூப்பிட்டாள். மழை அடிப்பது போனில் கேட்டது. “நான் மூணாறு ஸ்டாண்டுக்குப் போறேன்க்கா. மண்ணு சரிஞ்ச எடத்த நடந்து தாண்டிட்டேன். அந்தப் பக்கம் ஒரு பைக்கு கெடச்சிருக்கு. மறையூர்ப் பக்கத்து ஜீப்பெல்லாம் அங்கனதான் வந்து நிக்கும். போயி நிக்கேன்.” இன்னொரு பிள்ளையையும் ஆபத்தில் தள்ளிவிட்டோமோ என்று உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தேன்.

மத்தியானத் தொழுகைக்கான பாங்கு முடிந்து வெகுநேரம் கழித்து என் போன் அடித்தது. எல்லாரும் பார்த்தார்கள். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அக்கா, வந்துட்டா! எங்கூடத்தான் நிக்கா. கொழுந்துக்காரம்மாக்க போன ஜீப்புல வந்திருக்கா. நனைஞ்சு போயி நிக்கா, வேற ஒண்ணுமில்ல.” பிறகு எங்கள் பெண்ணின் குரல், சின்னதாக: “அம்மா... அவங்க நல்லாத்தான் இருக்காங்க.”

அவளுடைய அம்மா போனைக் காதில் அழுத்திக்கொண்டு அழுதார். வெளியே யாரோ கை தட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது. கல் எறிந்தவர்களும் அந்தக் கைதட்டலில் இருந்திருப்பார்கள்.

பெற்றோர் இருவரும் போலீஸ் வண்டியில் போய் அழைத்து வந்தார்கள். மூணாறு ஸ்டேஷனில் அவர்கள் போய்ச் சேரும்வரை மலைப் பெண் இவளை விட்டு நகரவில்லையாம். மலைப் பெண்ணைப் பார்த்ததும் அப்பா கை கூப்பியதாக அம்மா சொன்னார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். மனு அப்படியேதான் இருந்தது. இப்போது அதோடு ஒரு போலீஸ் அறிக்கையும் சேர்ந்திருந்தது. பஞ்சாயத்துக் கமிட்டி கூடியபோது என்னையும் கூப்பிட்டார்கள். பிள்ளை ஓடிப்போனதே கேம் சிநேகிதத்தால்தானே என்று ஒருவர் கேட்டார். கிடைத்ததும் அதனால்தானே என்று இன்னொருவர் சொன்னார். இருவரும் மேசையைத் தட்டிப் பேசினார்கள். நடுவில் அவளுடைய அப்பா எழுந்தார். அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை.

“கேமு வேண்டாம்னுதானுங்க இன்னிக்கும் சொல்றேன்” என்றார். “எம்பொண்ணு ஆடறது எனக்குப் புடிக்கல. ஆனா அன்னிக்கு அந்த மெஷினையும் நான் ஒடச்சிருந்தா, அவ எங்கன்னு கேக்க ஆளே இருந்திருக்காது. எனக்கு இவ்வளவுதான் தெரியுமுங்க.” உட்கார்ந்துவிட்டார்.

லைசென்ஸைப் பறிக்கவில்லை. நிபந்தனைகள் போட்டார்கள். யூனிஃபார்மில் யாரையும் சேர்க்கக் கூடாது. பதினெட்டு வயது ஆகாதவர்கள் பெற்றோரோடு மட்டும் வரலாம். உள்ளே நடப்பது ரோட்டிலிருந்து தெரிய வேண்டும். கடைசி நிபந்தனை எனக்கே பிடித்திருந்தது. முதல் இரண்டிலும் நியாயம் உண்டு என்றாலும், அன்றோடு பெண் பிள்ளைகள் வருவது நின்றது. எந்த அம்மாவுக்குச் சனிக்கிழமை மத்தியானம் பக்கத்தில் உட்கார நேரம் இருக்கிறது? கடையில் பாதியை ஆன்லைன் விண்ணப்பங்கள் போட்டுக் கொடுக்கும் இடமாக மாற்றினேன்.

எங்கள் பெண் மட்டும் எப்போதாவது வருவாள், அம்மாவோடு. அந்த அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, துணியில் பட்டன் தைத்துக்கொண்டே, யாரைச் சுடுகிறாய், எதற்குச் சுடுகிறாய் என்று கேட்டுக் கொன்றுவிடுவார். ஸ்பீக்கரில் மலையிலிருந்து சிரிப்பு வரும்.

போன மாதம் இன்னொரு ஆடியோ சுற்ற ஆரம்பித்தது. வேறு ஊர், வேறு பிள்ளை, வேறு விளையாட்டின் பெயர். பேக்கரியில் அதைப் போட்டபோது நான் கல்லாவில் இருந்தேன். யாரும் கடைப் பக்கம் வரவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் என் கை தானாகப் போய் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டது. உள்ளே ஆடிக்கொண்டிருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். “வெயில் அடிக்குது” என்றேன். அன்று மழை மூட்டமாக இருந்தது. அவர்கள் ஆட்டத்துக்குத் திரும்பினார்கள்.